‘வேண்டிய யாவற்றையும்’ தந்துவிட்டார் என்றால் ஏன் இந்தக் குறைவு?

வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பல ஒரே வசனத்தைச் சுற்றி நிற்கின்றன. 2 பேதுரு 1:3: ‘தம்முடைய மகிமையினாலும், காருணியத்தினாலும் நம்மை அழைத்தவரை அறிகிற அறிவினாலே, ஜீவனுக்கும் தேவபக்திக்கும் வேண்டிய யாவற்றையும், அவருடைய திவ்விய வல்லமையானது நமக்குத் தந்தருளினது.’ கடிதங்களைச் சுருக்கி, பெயர்களை விட்டு, ஊரை மட்டும் போட்டிருக்கிறோம். கையில் வேதாகமத்தை விரித்து வைத்துக்கொண்டு வாசித்தால் நல்லது; 3ஆம் வசனத்திலிருந்து 15ஆம் வசனம் வரை அடிக்கடி போய்வர வேண்டியிருக்கும்.

எல்லாம் தந்தாயிற்று என்று வசனம் சொல்கிறது. எனக்கோ கோபம் குறையவில்லை, செபத்தில் மனம் நிற்பதில்லை, மகனுடைய விசாவும் கிடைக்கவில்லை. என்னதான் தரப்பட்டிருக்கிறது? – வட்டுக்கோட்டை

உங்கள் கடிதத்தில் மூன்று குறைகள் இருக்கின்றன. இந்த வசனம் அவற்றில் இரண்டைப் பற்றித்தான் பேசுகிறது. கோபமும் செபமும் ‘ஜீவனுக்கும் தேவபக்திக்கும்’ என்பதற்குள் வரும். விசா வராது. விசாவுக்காகச் செபிக்கக் கூடாது என்று சொல்லவில்லை, தாராளமாகச் செபியுங்கள். ஆனால் 2 பேதுரு 1:3ஐக் காட்டி ‘ஆண்டவரே, எல்லாம் தந்தேன் என்றீர், எங்கே விசா?’ என்று கேட்டால், உறுதியில் எழுதாத காணிக்கு உரிமை கேட்பதுபோல் ஆகிவிடும். உணவு, உடை பற்றிய வாக்கு மத்தேயு 6:33இல் தனியாக இருக்கிறது. அது வேறு பேச்சு.

‘தந்தருளினது’ என்பதற்குக் கிரேக்கத்தில் உள்ள வினைச்சொல் அபூர்வமானது. புதிய ஏற்பாடு முழுவதிலும் அது 3 இடங்களில்தான் வருகிறது. இரண்டு இந்த 3ஆம், 4ஆம் வசனங்களில். மற்றது மாற்கு 15:45இல்: பிலாத்து இயேசுவின் உடலை அரிமத்தியா ஊரானாகிய யோசேப்புக்குக் கொடுத்த இடம். யோசேப்பு விலை கொடுக்கவில்லை. போய்க் கேட்டான், தேசாதிபதி கொடுத்துவிட்டான். கேட்டவனுக்கு இலவசமாக, அதிகாரம் உள்ளவன் கொடுத்து முடித்தது என்பதே அந்தச் சொல்லின் வாசனை. அதோடு, கொடுத்து முடிந்து இன்னும் கையில் இருக்கிறது என்று காட்டும் வினைவடிவத்தில் பேதுரு எழுதுகிறார். ‘தருவார்’ என்று எழுதவில்லை.

தரப்பட்டவை எவை என்பதற்கு அதே பகுதியிலேயே பதில் உண்டு. 4ஆம் வசனம் வாக்குத்தத்தங்களையும் திவ்விய சுபாவத்தில் பங்கையும் சொல்கிறது, 9ஆம் வசனம் முன்செய்த பாவங்களற நாங்கள் சுத்திகரிக்கப்பட்டதைச் சொல்கிறது. இவையெல்லாம் ‘அழைத்தவரை அறிகிற அறிவினாலே’ வருகின்றன. அதாவது அவரை அறிவதை விட்டுவிட்டு, அவர் தருவதை மட்டும் தனியாகப் பெற்றுக்கொள்ள வழி இல்லை. ஆகவே கோபத்துக்கு மருந்து தேடும்போது ‘கோபத்தை எடுத்துப்போடும்’ என்று மட்டும் கேட்டுக்கொண்டிராமல், அவரையே ஒரு மாதம் கவனித்துப் பாருங்கள். மாற்கு சுவிசேஷத்தில் 16 அதிகாரம். இரண்டு நாளுக்கு ஒரு அதிகாரம் போதும். அவர் எதற்குக் கோபப்பட்டார், எதற்குப் படவில்லை என்று ஒரு கொப்பியில் இரண்டு நிரலாக எழுதுங்கள். கோபப்பட்ட நிரல் வெறுமையாக இருக்காது. 3ஆம் அதிகாரத்திலேயே முதல் பதிவு வரும். உங்கள் கோபம் எந்த நிரலில் சேரும் என்பது அதன் பிறகு தெரியும்.

நான் தோட்டம் செய்கிறவன். 3ஆம் வசனம் எல்லாம் தந்தாயிற்று என்கிறது. 5ஆம் வசனம் ‘அதிக ஜாக்கிரதையுள்ளவர்களாய்’ பாடுபடு என்கிறது. இரண்டும் முரண் இல்லையா? – அளவெட்டி

ஐயா, இதற்குப் பதில் உங்கள் கிணற்றடியில் இருக்கிறது. மாரியில் பெய்த மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி நிற்கிறது. அந்தத் தண்ணீரில் ஒரு துளியும் நீங்கள் உண்டாக்கியது அல்ல. ஆனாலும் வெங்காயப் பாத்திக்கு அது தானாக ஏறி வராது. அந்த நாளில் துலா மிதித்தார்கள், இப்போது மோட்டர் போடுகிறோம். மோட்டர் ஓடினாலும் வாய்க்காலில் நண்டு வளை ஒன்று இருந்தால் போதும், தண்ணீர் பக்கத்துத் தரிசுக்குப் போய்விடும். தண்ணீர் மாறுகிறவர் மண்வெட்டியோடு நின்று, ஒரு பாத்தி நிறைந்ததும் அதன் வாயைக் கட்டி அடுத்ததை வெட்டிவிட வேண்டும். இவ்வளவு வேலையும் செய்த ஒருவர் ‘நான்தான் தண்ணீர் உண்டாக்கினேன்’ என்று சொல்லமாட்டார். கிணற்றில் தண்ணீர் இருக்கிறது என்று திண்ணையில் படுத்திருக்கவும் மாட்டார்.

5ஆம் வசனத்தின் ‘இப்படியிருக்க’ என்ற சொல்லைத்தான் பலர் தாண்டிப் போகிறார்கள். மூலத்தில் அது ‘இந்தக் காரணத்துக்காகவே’ என்ற அழுத்தம் உள்ளது. தரப்பட்டிருந்தும் பாடுபடு என்று பேதுரு சொல்லவில்லை, தரப்பட்டிருப்பதனால் பாடுபடு என்கிறார். பிலிப்பியர் 2:12–13 வாசியுங்கள், அங்கேயும் இதே அடுக்கு: பிரயாசப்படுங்கள், ஏனெனில் விருப்பத்தையும் செய்கையையும் உங்களில் உண்டாக்குகிறவர் தேவனே.

‘கூட்டி வழங்குங்கள்’ என்ற சொல்லும் கவனிக்க வேண்டியது. பழைய ஏதென்ஸ் நகரத்தில் நாடக விழாவுக்குப் பாடற்குழுவைத் தயார் செய்யும் முழுச் செலவையும் ஒரு செல்வர் பொறுப்பெடுப்பார்: பயிற்சி, உடுப்பு, எல்லாம். அந்த வழக்கத்திலிருந்து பிறந்த சொல் இது. கணக்குப் பார்க்காமல் தாராளமாகக் கொடுப்பது என்று பொருள். 11ஆம் வசனத்தில் அதே சொல் திரும்ப வருகிறது, அங்கே கொடுப்பவர் கடவுள்: நித்திய ராஜ்யத்துக்கு உட்படும் பிரவேசம் ‘பரிபூரணமாய் அளிக்கப்படும்.’ நீங்கள் உங்கள் விசுவாசத்துக்குத் தாராளமாகச் செலவழியுங்கள், அவர் உங்களுக்குத் தாராளமாகச் செலவழிக்கிறார் என்று பேதுரு ஒரே சொல்லால் இரண்டு பக்கத்தையும் கட்டுகிறார்.

8ஆம் வசனத்தில் ‘வீணர்’ என்பவர்கள் யார் என்றும் கேட்டிருந்தீர்கள். மத்தேயு 20இல் கடைத்தெருவில் சும்மா நின்றவர்களுக்கு வரும் அதே சொல். கெட்டவர்கள் என்ற பொருள் அதில் இல்லை. வேலை இல்லாமல் நிற்பவர்கள், அவ்வளவுதான்.

5ஆம் வசனத்தில் எங்கள் வேதாகமம் ‘தைரியம்’ என்கிறது. கத்தோலிக்க நண்பரின் திருவிவிலியத்தில் ‘நற்பண்பு’ என்று இருக்கிறது. ஞாயிறு பாடசாலையில் எதைச் சொல்லிக் கொடுப்பது? – மானிப்பாய்

இரண்டையும் சொல்லிக் கொடுங்கள், மூலச் சொல்லையும் சொல்லுங்கள். ‘அரெத்தே’ என்பது அது. ஒரு பொருளோ ஆளோ தனக்குரிய காரியத்தில் சிறந்து நிற்பது அதன் பொருள். வெட்டுவது கத்தியின் அரெத்தே என்று கிரேக்கர் சொல்வார்கள். போர்க்களத்தில் நிற்பவனிடம் அது தைரியமாகத் தெரியும், வீட்டில் இருப்பவனிடம் நற்பண்பாகத் தெரியும். 1995இல் வந்த திருவிவிலியத்தின் ‘நற்பண்பு’ அகலமானது. பழைய மொழிபெயர்ப்பின் ‘தைரியம்’ ஒரு பக்கத்தைக் கூர்மையாகப் பிடித்திருக்கிறது.

ஆனால் வகுப்பில் சொல்ல இதைவிடச் சுவையான செய்தி ஒன்று உண்டு. பழைய மொழிபெயர்ப்பில் இந்த ஒரே அரெத்தே மூன்று வேடம் போடுகிறது. 2 பேதுரு 1:3இல் ‘காருணியம்’, 1:5இல் ‘தைரியம்’, பிலிப்பியர் 4:8இல் ‘புண்ணியம்’. 1 பேதுரு 2:9இல் ‘அழைத்தவருடைய புண்ணியங்களை அறிவிக்கும்படிக்கு’ என்பதும் அதே சொல்தான். தமிழில் வாசிப்பவருக்கு இந்தத் தொடர்பு மறைந்துபோகிறது. மூலத்தில் வாசித்தால் தெரியும்: எந்த அரெத்தேயினாலே கடவுள் எங்களை அழைத்தாரோ, அதையே விசுவாசத்தோடு கூட்டச் சொல்கிறார் பேதுரு. கேட்கப்படுவது அவரிடம் ஏற்கெனவே இருப்பது. 3ஆம் வசனத்துக்கும் 5ஆம் வசனத்துக்கும் நடுவே உள்ள பாலம் இதுதான்.

மொழிபெயர்ப்பாளரைக் குறை சொல்ல வேண்டாம். யாழ்ப்பாணத்தில் பேர்சிவல் பாதிரியார், ஆறுமுக நாவலரின் துணையோடு உழைத்து 1850இல் வெளிவந்த பதிப்பும் இப்படியான ஒவ்வொரு சொல்லோடும் மல்லுக்கட்டியதுதான். நாங்கள் இன்று கையில் வைத்திருப்பது பவர் ஐயரின் தலைமையில் 1871இல் முடிந்த திருத்தத்தின் வழியில் வருவது.

நாலரைக்கு எழும்பி, பிள்ளைகளுக்குச் சாப்பாடு கட்டி, ஆறே முக்காலுக்கு பஸ் பிடிக்கிறேன். இரவு பத்துக்குப் படுக்கும்போது வேதாகமம் கையிலிருந்து விழுகிறது. ஒவ்வொரு ஜனவரியும் ஒரு வருட வாசிப்புத் திட்டம் தொடங்கி நின்றுவிடுகிறது. – நெல்லியடி

சகோதரி, முதலில் அந்தத் திட்டத்தின் கணக்கைப் பார்ப்போம். வேதாகமத்தில் 1,189 அதிகாரங்கள். நாளுக்கு 3, ஞாயிறு 5 என்று வாசித்தால் கிழமைக்கு 23. 52 கிழமையில் முடியும். ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40, ஆக 90 அதிகாரம் ஏறக்குறைய 4 கிழமையில் தீரும். தைப்பொங்கல் கழிந்து இரண்டு கிழமையில் நீங்கள் லேவியராகமத்தில் நிற்கிறீர்கள்: தகனபலி, கொழுப்பு, குண்டிக்காய், ஈரல். பெரும்பாலானோர் அங்கேதான் நிற்கிறார்கள். இரண்டு நாள் தவறினால் 6 அதிகாரம் கடன், நாலு நாள் தவறினால் 12. கடன் ஏறினதும் குற்றவுணர்வு, குற்றவுணர்வு வந்ததும் புத்தகம் மேசைக்கு அடியில். இந்தத் திட்டம் ஓய்வூதியம் எடுத்தவர்களுக்கு நல்லது. உங்களுக்கு அல்ல.

இதைச் செய்து பாருங்கள். 2 பேதுரு முழுவதும் 3 அதிகாரம், 61 வசனம். அதில் 1:3–11 வெறும் 9 வசனம். விசுவாசத்தோடு கூட்டச் சொன்னவை சரியாக ஏழு: தைரியம், ஞானம், இச்சையடக்கம், பொறுமை, தேவபக்தி, சகோதர சிநேகம், அன்பு. கிழமைக்கும் ஏழு நாள்; ஞாயிறு தைரியத்தில் தொடங்குங்கள். ஒரு கொப்பி ஒற்றையில் 9 வசனத்தையும் கையால் எழுதி, குசினிச் சுவரில் கண் மட்டத்தில் ஒட்டுங்கள். அச்சடித்து ஒட்டாதீர்கள், எழுதும்போதே பாதி மனதில் இறங்கிவிடும். அடுப்பிலிருந்து இரண்டு முழத்துக்கு அப்பால் ஒட்டுங்கள், இல்லாவிட்டால் ஒரு கிழமையில் ஆவியில் நனைந்து சுருண்டுவிடும்.

காலையில் நீத்துப்பெட்டியில் புட்டை வைத்தபின் ஆவி நன்றாக வந்து அவிய ஏறக்குறைய 10 நிமிடம். அந்த நேரம் உங்களுடையது. ஒருமுறை வாய்விட்டு வாசியுங்கள், ஒன்றரை நிமிடம் பிடிக்கும். அன்றைய சொல் எது என்று பாருங்கள். புதன் என்றால் பொறுமை. பிறகு ஒரே ஒரு கேள்வி: இன்று அது எனக்கு எந்த இடத்தில் தேவைப்படும்? ‘மாமியோடு’ என்றோ ‘பஸ் நிலையத்தில்’ என்றோ ‘மூத்தவனின் கணக்குக் கொப்பியைப் பார்க்கும்போது’ என்றோ ஓர் இடத்தைப் பெயர் சொல்லிக் குறியுங்கள். ‘எனக்குப் பொறுமை தாரும்’ என்ற செபம் காற்றில் போகும். ‘ஏழு மணிக்குக் கணக்குக் கொப்பியை விரிக்கும்போது பொறுமை தாரும்’ என்பதற்கு ஏழு மணிக்குப் பதில் தெரியும். இரவு படுக்க முன் ஒரு வரி: கிடைத்ததா, இல்லையா. ‘இல்லை’ என்று எழுதுவதும் செபம்தான்.

தவறிய நாளை அடுத்த நாளில் சேர்க்காதீர்கள். வியாழன் தவறினால் வெள்ளிக்குரிய சொல்லுக்கே போங்கள். மன்னாவை அடுத்த நாளுக்குச் சேர்த்து வைத்தவர்களுக்கு என்ன ஆனது என்று யாத்திராகமம் 16:20 சொல்கிறது. போனில் வாசிப்பதையும் காலையில் தவிருங்கள். வசனத்துக்கு மேலே வட்ஸ்அப் செய்தி வந்து நிற்கும், கை அங்கே போகும். யூரியூப் பிரசங்கம் கேட்பது வாசிப்பதற்கு ஈடு ஆகாது. அங்கே மற்றவர் சமைத்ததைச் சாப்பிடுகிறீர்கள். பஸ்ஸில் கேளுங்கள், பரவாயில்லை.

நற்செய்திக் கூட்டத்தில் முன்னால் போய் ஒப்புக்கொடுத்தேன், மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் ஒரு மாதத்துக்குள் போனில் பார்க்கக் கூடாததைப் பார்க்கிறேன். எனக்கு ஆவியானவர் தரப்படவே இல்லையோ? – பருத்தித்துறை

தம்பி, தரப்படாதவனுக்கு இந்தக் கவலை வராது.

பேதுருவின் வரிசையில் இச்சையடக்கம் மூன்றாவது. அதற்கு முன்னால் ஞானம் நிற்கிறது. நீங்கள் ஞானத்தைத் தாண்டி நேரே இச்சையடக்கத்துக்குப் பாய்கிறீர்கள். இந்த இடத்தில் ஞானம் என்றால் உங்கள் விழுகையை நீங்களே படிப்பது. இரண்டு கிழமைக்குக் குறித்துப் பாருங்கள்: எத்தனை மணிக்கு, எந்த அறையில், அதற்கு முன் அரை மணி நேரம் என்ன செய்தீர்கள். பெரும்பாலும் மூன்று விடயம் வெளிவரும்: இரவு பதினொன்றுக்குப் பிறகு, தனியறை, அதற்கு முன் நோக்கமில்லாமல் மேலும் கீழும் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தது. சண்டை நடப்பது அந்த அரை மணியில். பதினொன்றரைக்கு நீங்கள் ஏற்கெனவே தோற்றுவிட்டீர்கள்.

1 கொரிந்தியர் 10:13 ‘தப்பிக்கொள்ளும்படியான போக்கை’ உண்டாக்குவார் என்கிறது. போக்கு என்றால் வெளியே போகும் வழி. அது நடக்க வேண்டிய வழி, ஆகவே கால் நீங்கள்தான் வைக்க வேண்டும். போனின் சார்ஜரை அறையிலிருந்து எடுத்துக் குசினிக்குக் கொண்டுபோங்கள். பத்து மணிக்கு போன் அங்கே. எழுப்புவதற்கு மலிவான ஒரு அலாரம் மணிக்கூடு வாங்கலாம். ‘அலாரத்துக்குத்தான் போன் வைத்திருக்கிறேன்’ என்பதுதான் எல்லோரும் சொல்லும் முதல் சாட்டு. பிறகு ஒரு ஆளிடம் சொல்லுங்கள். உங்கள் வயது நண்பனிடம் சொன்னால் இருவரும் ஒருவரை ஒருவர் ஆறுதல்படுத்திக்கொண்டு அதே இடத்தில் நிற்பீர்கள். வயதில் மூத்த, வாய் இறுக்கமான, சபையில் ஐந்து வருடமாவது நீங்கள் பார்த்துப் பழகிய ஒருவர் வேண்டும். கிழமைக்கு ஒரு முறை அவர் ஒரு கேள்வி கேட்க, நீங்கள் ஆம் அல்லது இல்லை என்று சொன்னால் போதும்.

மூன்று தடவை ஒப்புக்கொடுத்ததில் பிழை என்ன? ‘இனி ஒருபோதும்’ என்று கொடுத்தீர்கள். வாழ்நாளுக்கு ஒரு நாளில் வாக்குக் கொடுக்கும் பலம் ஒருவருக்கும் இல்லை. இன்று இரவுக்குக் கொடுங்கள். விழுந்தால் 1 யோவான் 1:9ஐ அந்த நேரத்திலேயே எடுங்கள், அடுத்த கூட்டம் வரும்வரை வைத்திருக்காதீர்கள். விழுந்ததற்கும் அறிக்கை செய்வதற்கும் இடையே மூன்று கிழமை விட்டால், அந்த மூன்று கிழமையும் ‘எப்படியும் கெட்டுப்போனேன்’ என்று மேலும் விழுவதற்குச் சாட்டாகும். நித்திரை இன்மை, ஒன்றிலும் பிடிப்பில்லாத சோர்வு இவையும் கூடவே இருந்தால் டொக்டரிடமும் போங்கள். அதுவும் போக்குத்தான்.

‘விசுவாச விதை’, கொடுத்தால் கடவுள் பெருக்கித் தருவார் என்று 25,000 ரூபா காணிக்கை கேட்டார்கள். கையில் இல்லை. நுண்கடன் எடுத்துக் கொடுக்கலாமா? பிலிப்பியர் 4:19ஐக் காட்டினார்கள். – சுன்னாகம்

எடுக்க வேண்டாம்.

பிலிப்பியர் 4:19 ‘உங்கள் குறைவையெல்லாம் நிறைவாக்குவார்’ என்கிறது. 4ஆம் அதிகாரத்தின் 14 முதல் 18 வரை வாசித்தால், அது சிறையிலிருந்த பவுலுக்குத் தங்களிடம் இருந்ததிலிருந்து எப்பாப்பிரோதீத்துவின் கையில் அனுப்பியவர்களுக்குச் சொன்ன வார்த்தை என்று தெரியும். கடன் வாங்கி அனுப்பியவர்கள் அல்ல. காணிக்கையின் அளவைப் பவுல் வேறொரு இடத்தில் தெளிவாகவே போட்டிருக்கிறார். 2 கொரிந்தியர் 8:12: ‘அவனுக்கு இல்லாததின்படியல்ல, அவனுக்கு உள்ளதின்படியே அங்கிகரிக்கப்படும்.’ இதைவிட வெளிப்படையாக எழுத முடியாது. தேவபக்தியை ஆதாயத்தொழிலென்று எண்ணுகிறவர்கள் பற்றி 1 தீமோத்தேயு 6:5இலும் ஒரு வரி இருக்கிறது. கேட்டவர்களுக்கு அதைக் காட்டலாம்.

கடனின் கணக்கும் தெரிந்திருக்கட்டும். 25,000 ரூபா, 12 மாதம், ‘24 சதவீதம்’, முழுத்தொகைக்கும் கடைசிவரை ஒரே வட்டி என்று வைப்போம். வட்டி 6,000, மாதக் கட்டணம் 2,583. ஒவ்வொரு மாதமும் முதல் குறைந்துகொண்டு வந்தும் வட்டி குறையாதபடியால் உண்மையில் நீங்கள் கட்டுவது வருடத்துக்கு ஏறக்குறைய 42 சதவீதம். கையெழுத்திட முன் ‘குறைந்துசெல்லும் மீதிக்கு எத்தனை சதவீதம்?’ என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் எழும்பி வாருங்கள்.

கொடுக்க மனம் இருக்கிறது, காசு இல்லை என்றால் எங்கள் பெண்களிடம் பழைய வழி ஒன்று உண்டு. உலையில் போட அளந்த அரிசியில் ஒரு பிடியை எடுத்து வேறு பானையில் போடுவது. பிடியரிசி. ஒரு பிடி ஏறக்குறைய 40 கிராம்; ஒரு நேரம் மட்டும் சோறு சமைத்தாலும் மாதத்துக்கு ஒரு கிலோவைத் தாண்டும். ஒருவரும் பசி கிடக்கவில்லை, வட்டியும் இல்லை.

அண்ணன் கனடாவில். அப்பாவின் வீட்டுக் காணியால் ஆறு வருடமாகப் பேச்சில்லை. பாடகர் குழுவில் இருக்கிறேன். ‘தேவபக்தியோடே சகோதர சிநேகத்தையும்’ என்று வாசிக்கும்போது தொண்டை அடைக்கிறது. – சாவகச்சேரி

அடைக்கத்தான் வேண்டும், சகோதரி. அந்தக் கிரேக்கச் சொல் முதலில் ஒரே வயிற்றில் பிறந்தவர்களுக்கிடையே உள்ள அன்பையே குறித்தது. சபையார் பிறகுதான் அதைத் தங்களுக்கு எடுத்துக்கொண்டார்கள். நாங்களோ சபைக்கு வைத்துக்கொண்டு, கூடப்பிறந்தவரை விட்டுவிட்டோம்.

மத்தேயு 5:23–24 குறை உங்கள் பேரில் யாருக்கு உண்டு என்றுதான் கேட்கிறது. பிழை யாருடையது என்று கேட்கவில்லை. காணியையும் உறவையும் வேறு வேறு அழைப்பில் வையுங்கள். முதல் அழைப்பு குரலில் இருக்கட்டும், எழுத்தில் வேண்டாம். எழுதியது அண்ணியின் கைக்குப் போய், ரொறொன்ரோ முழுதும் சுற்றி, வேறு பொருளோடு திரும்பி வரும். காணிப் பேச்சு எடுக்காதீர்கள். அவர் எடுத்தால் ‘அதை இன்னொரு நாள் கதைப்பம் அண்ணை, இண்டைக்கு உங்கடை சுகம் கேக்கத்தான் எடுத்தனான்’ என்று சொல்லி விடுங்கள். முதல் முறை அவர் வைத்துவிடக்கூடும். ஒரு மாதம் விட்டு இன்னொன்று. பிறந்தநாள், அப்பாவின் நினைவு நாள் இவை நல்ல வாசல்கள்.

காணியை நொத்தாரிசிடம் கொண்டுபோங்கள். உறுதி, வரைபடம், அப்பாவின் மரணச் சான்றிதழ், மூன்றும் வேண்டும். யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையில் கூட்டுச் சொந்தக்காரருக்கு மற்றவரின் பங்கை முதலில் வாங்கும் உரிமை உண்டு. அது இருவருக்கும் தெரிந்தாலே பாதிப் பயம் போகும். உரிமையை விட்டுக்கொடுப்பதா என்பது உங்கள் மனச்சாட்சி. பயத்தினால் விட்டுக்கொடுத்தால் பத்து வருடம் கழித்து அது கசப்பாக வெளியே வரும், ஆகவே அவசரப்பட வேண்டாம்.

9ஆம் வசனத்தில் ‘கண்சொருகிப்போன குருடன்’ என்றால்? – காரைநகர்

கிட்டப்பார்வைக்காரன். தூரத்தில் உள்ளதைப் பார்க்கக் கண்ணைச் சுருக்குகிறவனுக்கான சொல். பக்கத்தில் உள்ளது மட்டும் தெரியும்: இன்றைய குறை, இன்றைய விழுகை. முன்பு நடந்த சுத்திகரிப்பு தெரியாது.

அம்மாவுக்கு 84 வயது. ஞாபகம் போய்க்கொண்டிருக்கிறது. சில நாட்களில் என்னையே தெரியாது. ‘அறிகிற அறிவினாலே’ எல்லாம் தரப்படுகிறது என்றால், அறிவு போன பிறகு அவவுக்கு என்ன மிஞ்சும்? – உடுவில்

12ஆம் வசனத்திலிருந்து 15 வரை வாசியுங்கள். இந்தக் கடிதத்தை எழுதும்போது பேதுருவும் சரீரமாகிய தன் கூடாரத்தைக் கழற்றிவைக்கப் போகிற முதியவர். உங்களுக்கு எப்பொழுதும் நினைப்பூட்ட நான் அசதியாயிரேன் என்கிறார். நினைவு வைத்திருப்பது ஒருவர் தனியே செய்ய வேண்டிய வேலை என்று அவர் நினைக்கவில்லை. ஒருவருக்காக மற்றவர் செய்வது அது. இனி அது உங்கள் பங்கு. அறிவு என்று இங்கே வருவதும் பாடம் ஒப்புவிக்கும் அறிவு அல்ல, ஆளை ஆள் அறிவது. கலாத்தியர் 4:9இல் பவுல் ‘தேவனை அறிந்திருக்க’ என்று தொடங்கி, உடனே தன்னைத் திருத்தி, ‘தேவனாலே அறியப்பட்டிருக்க’ என்கிறார். அம்மா அறிவது குறையலாம். அவர் அம்மாவை அறிவது குறையவில்லை.

செய்ய வேண்டியவை சில. ஒரே நேரம், ஒரே கதிரை, ஒரே பாட்டு. பின்னேரம் ஐந்து மணிக்கு முன் செய்யுங்கள், இருட்டினால் பலருக்குக் குழப்பம் கூடும். சிறுவயதில் படித்த பாட்டுகளையே பாடுங்கள். சொல் போன பிறகும் இராகம் நிற்கும், இராகத்தைப் பிடித்துக்கொண்டு சில வேளை சொல்லும் வரும். புதிய மொழிபெயர்ப்பு வேண்டாம், 23ஆம் சங்கீதம் பழைய நடையிலேயே இருக்கட்டும். ‘இது என்ன வசனம், சொல்லுங்கோ பாப்பம்’ என்று சோதிக்காதீர்கள், தெரியாமல் போவது அவவுக்குத் தெரியும், அது வலிக்கும். பத்து நிமிடத்துக்கு மேல் நீட்டாதீர்கள். நற்கருணையை வீட்டுக்குக் கொண்டுவரும்படி குருவானவரைக் கேளுங்கள். அப்பத்தைச் சிறிய துண்டாக்கித் தோய்த்துக் கொடுக்கச் சொல்லுங்கள், விழுங்கும்போது அம்மாவை நிமிர்த்தி இருத்துங்கள்.

‘பரமண்டலங்களிலிருக்கிற’ என்று நீங்கள் தொடங்குங்கள். அவ நடுவில் ஒரு வரியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனால் திருத்த வேண்டாம், நீங்களும் அந்த வரிக்குப் போங்கள்.